மும்தாஜ் அக்கா ‘நில்லுங்க’ என்றுதான் சொன்னார்

செவ்வாய்க்கிழமை காலை மண்டபத்து வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி வந்தது: “நம்ம பழைய பார்க்கிங் அம்மா தவறிட்டாங்க.” அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். பெயரில்லை. கூனிமேட்டுக்குப் பக்கத்தில் அந்தக் கல்யாண மண்டப வாசலில் ஏழு வருடம் வெயிலில் நின்றவருக்குப் பெயர் போட ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர் பெயர் மும்தாஜ் பேகம். வயது நாற்பத்தெட்டு. நெஞ்சுவலி.

நான் மரக்காணத்தில் காருக்கு டிங்கரிங், பெயின்ட் அடிக்கும் பட்டறை வைத்திருக்கிறேன். படித்தது ஆட்டோமொபைல் டிப்ளமோ. ஒரு காலத்தில் முன் பம்பரின் அடியில் கீறலோடு கார்கள் அந்த மண்டபத்திலிருந்து நேராக என்னிடம் வரும். காரணம், பார்க்கிங் சுவரோரம் கட்டியிருக்கும் சிமென்ட் திட்டு. ஒரு சாண் உயரம். டிரைவர் சீட்டில் உட்கார்ந்தால் பானெட் அதை மறைத்துவிடும். கட்டியவர்களுக்கு இது தெரியவில்லை. நான் போய்ச் சொன்னபோதும் காதில் வாங்கவில்லை.

அக்கா வாங்கினார். உப்பளத்தில் வீசிய பழைய சாக்குகளைக் கேட்டு வாங்கி, மணல் நிரப்பி, திட்டுக்கு இரண்டு முழம் முன்னால் போட்டார். டயர் மூட்டையில் முட்டி நிற்கும். பம்பர் திட்டைத் தொடாது. நான் டேப் பிடித்து அளந்து பார்த்தேன். முன்சக்கரத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் மூக்கு, பெரிய வண்டிகளுக்கும் அந்த இரண்டு முழத்துக்குள் அடங்கியது. பானெட்டுக்கு மேல் தெரியட்டும் என்று திட்டின்மேல் கம்பு நட்டுச் சிவப்புத் துணியும் கட்டினார். “உன் பொழப்புல மண்ணப் போடறேன்பா, கோச்சுக்காத” என்று சிரித்தார். உண்மைதான். உரசல் வேலை பட்டறையில் பாதியாகக் குறைந்தது.

ஆனால் ஒரு பெண் கை காட்டி வண்டியை நிறுத்த நம் ஆட்களுக்குக் கௌரவம் இடம் தராது. பொம்மையார்பாளையத்திலிருந்து வந்த ஒருவர் கண்ணாடியை இறக்கி, “ஏம்மா, நீ ஸ்டியரிங் புடிச்சிருக்கியா?” என்றார்.

“இல்லீங்க சார். இடிச்சவங்கள நெறைய பாத்திருக்கேன்.”

மூட்டைமேலேயே ஏற்றி அவரும் இடித்தார். அக்கா அப்போதும் நக்கலடிக்கவில்லை. “சந்தேகமா இருந்தா ஒரு தபா எறங்கிப் பாருங்க சார், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.” அவருடைய பாடம் மொத்தமும் அந்த ஒரு வாக்கியம்தான். எந்த டிரைவிங் ஸ்கூலிலும் இதைச் சொல்லித் தரவில்லை.

போன வருடம் மண்டப முதலாளி வீட்டுக் கல்யாணம். வீடியோவில் அசிங்கமாகத் தெரிகிறது என்று மூட்டையையும் கம்பையும் முந்தின நாளே அப்புறப்படுத்திவிட்டார்கள். முதலாளியின் மருமகன் புது வண்டியில் வந்தார். “நில்லுங்க” என்றார் அக்கா. “சென்சார் இருக்குது, கம்முனு இரு.” “நில்லுங்க சார்.” வண்டி நகர்ந்தது. “சார், நில்லுங்க!” சென்சார் வாயைத் திறக்கவில்லை. அது நேர் எதிரே இருப்பதைப் பார்க்கும். தரையோரத் திட்டு அதன் பார்வைக்குக் கீழே. பம்பர் திட்டின்மேல் ஏறி உட்கார்ந்தது. பதறிப்போய் ரிவர்ஸ் எடுத்தார் பாருங்கள், திட்டில் மாட்டிக்கொண்ட பம்பர் கிளிப்புகளோடு பிய்ந்து வந்தது.

“இந்தம்மாதான் வா வான்னு சொல்லிச்சு” என்றார் கூசாமல். மேனேஜர் அக்காவைப் பார்த்துக் கத்தினார்.

கல்யாணத்துக்கு வந்திருந்த நான் பத்தடி தள்ளித்தான் நின்றிருந்தேன். வாயைத் திறந்தேன். என்ன சொன்னேன்? திட்டின் உயரம், வண்டியின் மூக்கு நீளம், சென்சாரின் கோணம். கிளாஸ் எடுத்தேன். “இன்ஜினியர் சார், மொதல்ல போய்ச் சாப்டுங்க” என்றார் மேனேஜர். எல்லோரும் சிரித்தார்கள். அன்றோடு அக்காவுக்கு வேலை போனது.

கேட் வரைக்கும் கூடவே போனேன். “ஏம்பா, நான் நில்லுன்னது உனக்குக் கேக்கலயா?” என்று கேட்டார்.

“கேட்டுச்சுக்கா.”

“அத்த மட்டும் சொல்லியிருக்கலாமே.”

அதன்பிறகு வேறு எந்த மண்டபத்திலும் அவரைச் சேர்க்கவில்லை. ‘முதலாளி மருமகன் வண்டியை இடிக்கவிட்டவர்’ என்ற பேச்சு அவருக்கு முன்னாலேயே போய் நின்றது.

அடக்கம் முடிந்து வெளியே வந்தபோது, அந்த மேனேஜர் அக்காவின் மகன் ரஃபியின் தோளைத் தொட்டு, “அம்மா தங்கமானவங்க. அந்த ஒரு தபாதான் தப்பு பண்ணிட்டாங்க” என்றார். ஆறுதல் சொல்கிறாராம்!

“தப்பு பண்ணல” என்றேன். “மூணு தடவ நில்லுன்னு சொன்னாங்க. நான் அங்கதான் நின்னேன். என் காதால கேட்டேன்.”

“இப்ப எதுக்குப்பா அதெல்லாம்?”

“இப்பவாவது.”

அவர் செருப்பைத் தேடிப் போய்விட்டார். ரஃபி என் கையைப் பிடித்துக்கொண்டான். “பட்டறைத் தம்பி கேட்டுச்சு, அதுக்குத் தெரியும்னு அம்மா சொல்லிட்டே இருப்பாங்க அண்ணே. நாங்கதான் சும்மா சொல்றாங்கன்னு நெனச்சோம்.”

அவரை அறிந்தவர்களே, அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த மூன்று ‘நில்லுங்க’தான். கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்கிறேன். கேட்காதவர்களுக்கும் சொல்வேன்.