வீராசாமி வண்டியின் ஃபோர்க்

கேட் மூடியதும் சொர்ணம் சைக்கிளை விட்டு இறங்கிவிடுகிறாள். ஆவடிப் பக்கமிருந்து வரும் ரயில் தாண்டிப் போவதற்குள், வரிசையில் நிற்கும் சைக்கிள்களில் பாதியையாவது பார்த்துவிட வேண்டும் அவளுக்கு. இடுப்பில் செருகியிருக்கும் சின்னச் சுத்தியலை உருவுகிறாள். முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டிருக்கும் இரும்புக்காலில், அதாவது ஃபோர்க்கில், ஒரு தட்டு. காதைச் சாய்த்துக் கேட்கிறாள். அப்புறம் இடதுகாலின் அடியில், அச்சு உட்காரும் இடத்துக்கு உள்பக்கமாக, சுட்டுவிரலால் ஒரு தடவல். அடுத்த வண்டிக்குப் போய்விடுகிறாள். கொஞ்சம் முன்னால் கேட்காரனைத் திட்டிக்கொண்டிருந்த ஆண்பிள்ளைகள் எல்லாரும் அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டு நிற்கிறார்கள். சுத்தியல் தன் வண்டியைத் தாண்டிப் போகும்வரை மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்கிறவர்களும் உண்டு.

பயத்துக்குக் காரணம் திருவேங்கடம். பருத்திப்பட்டுக்காரர், எதற்கெடுத்தாலும் சிரிக்கிறவர். போன வருஷம் அவருடைய வண்டியைத் தட்டிப் பார்த்த சொர்ணம், "இது பூட்ச்சு நைனா. கயட்டிப் போட்டுடு" என்றாள்.

"இன்னா யக்கா, சைக்கிளுக்குக்கூட ஜாதகம் பாக்கிறியா?" என்று சிரித்துவிட்டுப் போனார் அவர். அந்த மாதமே செங்கல் சூளை இறக்கத்தில் ஃபோர்க் இரண்டாகி, முன்பல் மூன்றையும் மண்ணில் விட்டுவிட்டு வந்தார். இவளுக்கு இரும்பு தெரியும் என்று யாராவது நினைத்திருக்கலாம். ஊர் அப்படி நினைக்கவில்லை. இவள் சொன்னதால்தான் உடைந்தது, கருநாக்கு என்று முடிவு கட்டிவிட்டது. சில வண்டிகளின் ஃபோர்க்கில் இப்போது எலுமிச்சம்பழம் கட்டித் தொங்குகிறது. சொர்ணம் பழத்தை விரலால் ஒதுக்கிவிட்டுத் தட்டுகிறாள்.

மந்திரம் ஒன்றுமில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு வார்ப்புப் பட்டறையில் அவளுக்குச் செக்கிங் வேலை. காலையிலிருந்து சாயங்காலம்வரை மேஜைமேல் வந்து விழும் வார்ப்புகளை எடுத்து எடுத்துத் தட்ட வேண்டும். நல்ல சரக்கு 'ணங்' என்று பாடும். உள்ளே விரிசல் இருந்தால் 'மொத்' என்று அடங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் காதுக்குத் தெரியும்.

அவள் தேடுவது ஒரே ஒரு ஃபோர்க்கை. அது அவள் புருஷன் வீராசாமியுடையது. அதில் விரிசல் இருந்தது, அது வாய் திறந்து கால் மடங்கித்தான் அவன் ஏரிக்கரையிலிருந்து விழுந்து செத்தான் என்பது அவளுடைய கட்சி. அந்த இரும்பை யாரோ நிமிர்த்தி, பெயிண்ட் அடித்து, இன்னொருவன் வண்டியில் மாட்டியிருக்கிறார்கள். அவனும் விழுவதற்குள் பிடித்துவிட வேண்டும். இது அவள் வாய்விட்டுச் சொல்வது. சொல்லாத காரணம் ஒன்றும் இருக்கிறது, அது ஊருக்கே தெரியும். ஃபோர்க்கில் விரிசல் இல்லையென்றால், வீராசாமி தானாகவே ஹேண்டிலைத் திருப்பிக்கொண்டு போய் விழுந்தான் என்றாகிவிடும்.

வீராசாமி எஸ்டேட்டில் ஃபிட்டராக இருந்தவன். தொண்ணூற்றிரண்டில் அந்தப் பக்கத்தில் முதல் மவுண்டன் சைக்கிள் வாங்கியவன் அவன்தான். தடித்த டயர், நேர் ஹேண்டில், பின்சக்கரத்தில் அடுக்கடுக்காகப் பல்சக்கரங்கள். அப்புறம் வாங்கியவர்கள் தார்ரோட்டில் ஓட்டிக் காட்டுவதற்காக அந்த மாதிரி வண்டியை வாங்கினார்கள் என்றால், இவன் ரோட்டை விட்டு இறங்குவதற்காகவே வாங்கினான். ஏரிக்கரை, கூவம் மணல், சூளைப் பள்ளம், கருவேலங்காட்டு ஒற்றையடிப் பாதை. கடையில் கொடுத்தபடியே எதையும் வைத்துக்கொள்ளவில்லை. பிளாஸ்டிக் பெடலைக் கழற்றி எறிந்துவிட்டுப் பல்வைத்த இரும்புப் பெடல் போட்டான். மழையில் வழுக்குகிறது என்று பிரேக் கட்டையை உப்புத்தாளில் தேய்த்துச் சொரசொரப்பாக்கினான். தன் கருவிகளில் செய்வதுபோல வண்டியின் ஒவ்வொரு பாகத்திலும் முக்கோணமாக மூன்று புள்ளி குத்திவைத்தான். பட்டறையில் கருவி மாறிப்போகாமல் இருக்க ஃபிட்டர்கள் ஆளுக்கொரு அடையாளம் குத்திக்கொள்வார்கள். அவனுடையது முக்கோணம்.

வீட்டில் அந்த வண்டிக்கு இருந்த மரியாதை சொர்ணத்துக்கு இல்லை என்று அவளுக்கு ஆத்திரம். பிள்ளையில்லாத வீடு வேறு. மாமியார் குப்பம்மா மாசக்கணக்காக மகனிடம் இன்னொருத்தியைக் கட்டிக்கொள்ளச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம் இரண்டு பெண்களும் அவனை ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். "இன்னொருத்தியக் கட்டு, இல்லாங்காட்டி எனக்குக் கொள்ளி வெச்சுட்டுப் போ" என்றாள் தாய். "போ, அந்த வண்டியோடவே போய்ச் சேரு" என்றாள் பெண்டாட்டி. அவன் போட்ட சோற்றைத் தொடாமல், சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். மறுநாள் காலையில், ஏரியின் உபரித் தண்ணீர் வழியும் கலங்கலின் கருங்கல் படியில் கிடந்தான். கண்ணைக் கட்டிவிட்டாலும் அந்தக் கரையில் ஓட்டக்கூடியவன். முன்சக்கரம் அவன் நெஞ்சுக்கு அடியில் மடங்கியிருந்தது.

வண்டியை யாரும் குனிந்து பார்க்கவில்லை. பார்க்கவிடாமல் செய்தது ஊர் வழக்கம். உயிரை வாங்கிய வண்டி காரியத்துக்கு முன்னால் வீட்டைவிட்டுப் போய்விட வேண்டும், முழுசாகவும் இருக்கக் கூடாது. கள்ளிக்குப்பத்தில் பழைய இரும்பு வாங்கும் துலுக்கானம் வந்தான், அன்றைக்கே பிரித்துத் திசைக்கொன்றாக விற்றான். சொர்ணமும் அப்போது தலையாட்டினாள். எது அவன் சாவுக்குச் சாட்சியோ அதையே தூக்கிக் கொடுத்துவிட்டோம் என்பது அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. ஓடிப்போய்க் கேட்டபோது, "ஃபோர்க்கை பூந்தமல்லிப் பக்கம் எவனோ வாங்கிகினு பூட்டாம்மா. ஆளு மூஞ்சிகூட ஞாபகம் இல்ல" என்றான் துலுக்கானம்.

அப்போது ஆரம்பித்ததுதான். நான்கு வருஷமாகத் தேடுகிறாள். ஃபோர்க்கைத் தேடப்போன இடத்திலெல்லாம் மற்றதெல்லாம் கிடைத்தது. ஃபிரேம் மட்டும் விலைபோகாமல் துலுக்கானத்திடமே கிடந்தது. ஹேண்டில் திருமுல்லைவாயிலில். பெடல் ஒரு வாடகை சைக்கிள் கடையில். பின்சக்கரம் ஐஸ் விற்கிறவன் வண்டியில். மூன்று புள்ளியை விரலால் தடவிப் பார்த்துப் பார்த்து வாங்கி, புது ஃபோர்க் ஒன்றைப் போட்டு, அவளே ஓட்டக் கற்றுக்கொண்டாள். ஆக இப்போது அவள் வேலைக்குப் போவது செத்தவனுடைய சைக்கிளில். அதைப் பார்க்கும் பெண்கள் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொள்கிறார்கள் என்றால் அவர்களைக் குறைசொல்ல முடியாது.

வீட்டுக்குள் அதற்கு இடமில்லை. பூவரச மரத்தடியில் நிற்கிறது. "என் புள்ளைய முழுங்கினது நெலவாசப்படி தாண்டக் கூடாது" என்று சொல்லிவிட்டாள் குப்பம்மா. அதன்மேல் அவள் விரல்கூடப் பட்டதில்லை. ஆனால் சாயங்காலம் தெருமுனையில் மிதிப்பதை நிறுத்தியதும் பின்சக்கரம் 'கிர்ர்ர்' என்று சுழன்றுகொண்டு வருமல்லவா, அந்தச் சத்தம் அவளுக்கு மகனுடைய சத்தம். கேட்டவுடன் எழுந்துவிடுகிறாள். தட்டை எடுத்துச் சோறு போட்டுவிடுகிறாள். அப்புறம்தான் வாசலில் சேலை தெரிகிறது. போட்ட சோற்றை என்ன செய்வது? சொர்ணம் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். இரண்டு பேருக்கும் நடுவே ஒரு பேச்சும் இருப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிக்கரையில் வண்டி ஓட்டும் கூட்டம் ஒன்று இப்போது சேர்ந்திருக்கிறது. மேட்டிலிருந்து பாய்வது, மணலில் சறுக்குவது, இதெல்லாம் அவர்களுக்கு விளையாட்டு. இரவல் பாகங்களை வைத்து ஒட்டுப்போட்ட மவுண்டன் சைக்கிள்கள். கருநாக்குக்குப் பயந்தாலும், பாகம் மாற்றுவதென்றால் அவளைத்தான் கேட்கிறார்கள். அவளும் உட்கார்ந்து பார்க்கிறாள். சக்கரத்தைச் சுழற்றிக் கோட்டம் பார்க்கிறாள். செயினை விரலில் தூக்கிப் பார்க்கிறாள்.

"இன்னா மாமே, செயினுக்கு வேஸ்ட் ஆயிலா ஊத்திகீறே? புழுதி நாளுல தையல் மிஷின் எண்ணெ ஒரு சொட்டு போதும். கெட்டி ஆயிலு மய நாளுக்குத்தான். காத்தைக் கொஞ்சம் எறக்கு, மணலு தானா வயி வுடும்."

சொல்வதெல்லாம் சரிதான். ஆனால் 'மாமே' என்று அவள் யாரையும் கூப்பிட்டதில்லை. வீராசாமிதான் அப்படிக் கூப்பிடுவான். அந்த இழுப்பும், பேசி முடித்ததும் தொடையில் கையைத் துடைக்கும் வழக்கமும் அவனுடையது. அவன் உயிரோடு இருந்தபோது ராத்திரிச் சோற்றுக்கு உட்கார்ந்து இதையெல்லாம்தான் சொல்லிக்கொண்டிருப்பான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு குழம்பு ஊற்றுவாள். காதில் விழவில்லை என்றுதான் அவளே நினைத்திருந்தாள். அவனோடு ஒன்றாக ஓட்டிய பழைய ஆட்கள் அவள் பேசும்போது அவள் முகத்தைப் பார்ப்பதில்லை, ஏரியைப் பார்க்கிறார்கள்.

இந்த ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபோர்க் கிடைத்துவிட்டது.

ஆடி ஞாயிறு என்றால் திருவேற்காட்டில் கால் வைக்க இடமிருக்காது. ஜனம் அம்மனைப் பார்க்கப் போகும். சொர்ணம் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போவாள். பூந்தமல்லிச் சைக்கிள்கள் அத்தனையும் ஒரே இடத்தில் நிற்கும் நாள் வேறு ஏது? ஸ்டாண்டுக்காரன் வேம்புலி முதல் வருஷம் விரட்டினான், இப்போது அவளைக் கண்டால் வழிவிட்டு நிற்கிறான். வரிசை வரிசையாகத் தடவிக்கொண்டே போனவள் ஒரு கறுப்பு வண்டியின் அருகே உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. பெயிண்ட்டுக்கு அடியில் மூன்று புள்ளி. உடுக்கைச் சத்தமும் ஸ்பீக்கர் சத்தமும் காதை அடைத்தன. அந்த இரைச்சலில் தட்டிப் பார்த்தும் ஒன்றும் கேட்கவில்லை.

வண்டிக்காரன் எத்திராஜ் நெற்றி நிறையக் குங்குமத்தோடு வந்தான். பூந்தமல்லியிலிருந்து பூமூட்டை ஏற்றிப்போகிறவன். யாரோ ஒரு பொம்பளை தன் வண்டிச் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அவனுக்குக் கோபம் வந்தது.

"இன்னாம்மா பண்றே?"

"இத்த எனக்குக் குடுத்துடு அண்ணாத்தே. என் வண்டி ஃபோர்க்கு புதுசு. அத்த இப்பவே மாட்டித் தர்றேன்."

"பயசக் குடுத்துட்டுப் புதுசா? ஏன், இதுல இன்னா கீது?"

"என் ஊட்டுக்காரரு இதுலதான் செத்தாரு."

எத்திராஜ் ஒரு எட்டுப் பின்னால் போனான். அதற்கப்புறம் அவன் பேரம் பேசவில்லை, கிட்டேயே வரவில்லை. அவள் ஸ்பேனரை எடுத்து, பால்ரஸ் குண்டுகளைச் சேலை முந்தானையில் கொட்டி வைத்துக்கொண்டு, அவன் வண்டியில் தன் ஃபோர்க்கை மாட்டினாள். சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தாள். பிரேக்கை இழுத்துப் பார்த்தாள். "மெதுவா போ" என்று அனுப்பிவைத்தாள். எலும்புக்கூடாக நின்ற தன் வண்டியை வேம்புலியிடம் விட்டுவிட்டு, அந்த இரும்பைக் கையில் எடுத்துக்கொண்டு கூவம் கரையோடு வீட்டுக்கு நடந்தாள். அத்தனை வருஷத்துக்கு அப்புறம் அவளுக்கு அன்றைக்குத்தான் அழுகை வந்தது. சந்தோஷ அழுகைதான்.

குப்பம்மா வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மருமகள் கையில் இருந்ததைப் பார்த்ததும் கீரையைக் கீழே வைத்தாள்.

"அத்தே, கெடச்சுட்ச்சு."

மரத்தடியில் கோணி விரித்து, மண்ணெண்ணெயும் உப்புத்தாளும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள் சொர்ணம். கறுப்பு கரைந்து, அதற்கடியில் வீராசாமியின் ஊதா நிறம் வந்தது. அதுவும் போய் வெள்ளை இரும்பு வந்தது. காலும் கழுத்தும் சேருமிடம், அதுதான் விரிசல் விழும் இடம். தேய்த்தாள். வெயிலுக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நகத்தை ஓட்டிப் பார்த்தாள். நகம் எங்கும் தட்டவில்லை. நிமிர்த்தின தழும்பு மட்டும் கால்களில் இருந்தது. கழுத்தில் ஒரு மயிரிழைகூட இல்லை.

கழுத்தைக் கயிற்றில் கட்டிப் பூவரசங் கிளையில் தொங்கவிட்டுச் சுத்தியலால் தட்டினாள். 'ணங்' என்றது. கோயில் மணிபோலத் தெளிவாக, அடங்க மனமில்லாமல், தெருக்கோடிவரை கேட்டது. அவள் ஆயுசில் தட்டிய எந்த இரும்பும் அவ்வளவு நன்றாகப் பாடியதில்லை.

"இன்னாடி, விரிசல் கீதா?" என்றாள் குப்பம்மா. அவளுக்கும் அந்தச் சத்தத்தின் அர்த்தம் தெரியும். மருமகள் தெருவில் தட்டுவதை நான்கு வருஷமாகக் கேட்டிருக்கிறாளே.

சொர்ணம் சுத்தியலை மண்ணில் போட்டாள். அந்த இரும்பு கயிற்றில் லேசாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு சொர்ணம் எழுந்து உள்ளே போய், பரணிலிருந்து வீராசாமியின் கருவிப் பெட்டியை இறக்கி, இரும்பு அறுக்கும் ரம்பத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். ஃபோர்க்கை அவிழ்த்துக் கோணிமேல் கிடத்தினாள். காலும் கழுத்தும் சேருமிடத்தில், விரிசல் இருந்திருக்க வேண்டிய அதே இடத்தில், பிளேடை வைத்து இழுத்தாள். உருண்டை இரும்பு, நிற்கவில்லை. பிளேடு வழுக்கிக் கட்டைவிரலைக் கீறியது. மறுபடி வைத்தாள். மறுபடி உருண்டது.

குப்பம்மா வாசலிலிருந்து இறங்கி வந்தாள். கோணியின் அந்தப் பக்கம் காலை நீட்டி உட்கார்ந்தாள். ஃபோர்க்கின் இரண்டு கால்களையும் இழுத்துத் தன் மடியில் வைத்து, அசையாமல் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.