முன்சீட்டு ஈரம்

கார் வாங்கினால் சொந்தக்காரர்கள் இலவசம் என்று விற்கிறவர்கள் யாரும் சொல்வதில்லை. நான் வாங்கியது பழைய கார். சீட் உறை கூடச் சேர்த்துத் தரவில்லை. ஆனால் இந்த இலவசம் மட்டும் தவறாமல் வந்து சேர்ந்தது.

எங்கள் வீடு தென்காசியில். சுரண்டையைத் தாண்டி ஒரு கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் பார்மசிஸ்ட். என் வீட்டுக்காரருக்குப் போலீஸ் வேலை, தூத்துக்குடி பக்கம் ஸ்டேஷன். கோயில் கொடைவிழா, அமைச்சர் வருகை, அமைச்சரைக் கண்டித்து மறியல், இவை எதுவும் இல்லாத நாளில் வீட்டுக்கு வருவார். அப்படிப்பட்ட நாள் தமிழ்நாட்டில் எவ்வளவு அபூர்வம் என்பதை அவரைக் கட்டிய பிறகுதான் தெரிந்துகொண்டேன். மற்றபடி குடும்பத்தைப் போனிலேயே நடத்திவிடுவார்.

பஸ்ஸில் நின்றுகொண்டே வேலைக்குப் போய் வந்து கால் வீங்கித்தான் கார் வாங்கினேன். பங்குனியில் வாங்கினேன். ஆனி பிறந்து குற்றாலத்தில் சாரல் விழுந்ததும், சென்னையிலிருந்து என் வீட்டுக்காரரின் அண்ணன் வந்து இறங்கினார். எனக்கு அத்தான் முறை. பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். முந்தின வருஷங்களிலும் சீசனுக்கு வருவார்தான். இரண்டு நாள் குளித்துவிட்டுப் போவார். இந்த முறை இரண்டு பெட்டி கொண்டுவந்திருந்தார்.

"கார் இருக்குல்லா, இனி என்ன கஷ்டம்?" என்றார். கஷ்டம் யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

அதிலிருந்து தினமும் விடிந்ததும் ஐந்தருவி. அவர் குளித்து முடிக்கும்வரை நான் காரில் உட்கார்ந்திருப்பேன். பிறகு வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டு, எதிர்த்திசையில் சுரண்டைக்கு ஓட வேண்டும். அருவியில் குளித்தால் துடைக்கக் கூடாது என்பது அவருடைய கொள்கை. "மலையில உள்ள மூலிகை எல்லாம் அந்தத் தண்ணியில கரைஞ்சு வருது. துண்ட வச்சுத் துடைச்சா மூலிகை துண்டுக்குல்லா போயிரும்?" என்பார். ஆகவே மூலிகை சொட்டச் சொட்ட வந்து முன்சீட்டில் உட்காருவார். வேட்டியிலிருந்து வழிகிற மூலிகை கால் வைக்கிற இடத்தில் குளம் கட்டும்.

இந்த நிலையில்தான் ஒரு நாள் சுந்தரபாண்டியபுரத்தில் மாட்டிக்கொண்டேன். அங்கே சூரியகாந்தி பூத்திருந்தது. பூவோடு செல்ஃபி எடுக்க வந்தவர்கள், வண்டியை ஓரமாக நிறுத்தினால் பூவுக்கு மரியாதைக் குறைவு என்று நடுரோட்டிலேயே நிறுத்தியிருந்தார்கள். வெயிலில் ஊர்ந்து ஊர்ந்து போனதில் டேஷ்போர்டில் சிவப்பாக ஒரு விளக்கு எரிந்தது. இன்ஜின் சூடாகிவிட்டதாம். நிறுத்தி, ஆறவிட்டு, பானட்டைத் திறந்து பார்த்தேன். உள்ளே வெள்ளையாக ஒரு பிளாஸ்டிக் டப்பா இருக்கும். இன்ஜினைக் குளிர வைக்கிற பச்சைத் தண்ணீர், கூலன்ட், அதில்தான் நிற்க வேண்டும். மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. தண்ணீர் கீழ்க்கோட்டுக்கும் கீழே கிடந்தது.

கூலன்ட் வாங்கி மேல்கோடு வரை ஊற்றினேன். மறுவாரம் பார்த்தால் பாதி இல்லை. மறுபடி ஊற்றினேன். மறுபடி இல்லை. கார் நின்ற இடத்தில் ஒரு சொட்டு ஈரம் கிடையாது. பாட்டிலில் மருந்து குறைந்தால் யாரோ குடித்திருக்க வேண்டும் என்பது என் தொழில் எனக்குக் கற்றுத்தந்த பாடம். இதை யார் குடிக்கிறார்கள் என்று தெரியவில்லை.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். அவர் இலாகா முறைப்படி யோசித்தார்.

"ஏட்டி, எவனாவது திருடுதானான்னு பாரு."

"கூலன்ட்டையா? அத எதுக்குத் திருடப் போறான்?"

"திருடுதவன் காரணம் பாத்துக்கிட்டா திருடுதான்? கேட்டைப் பூட்டி வை."

கேட்டைப் பூட்டி வைத்தேன். டப்பாவுக்குப் பூட்டு கிடைக்கவில்லை.

அத்தானிடம் கேட்டால் வேறு விதமாகச் சொன்னார். "பட்டாளத்துல நான் பாக்காத வண்டியா? சூட்டுல ஆவியாப் போகும். அது இயற்கை." பட்டாளத்தில் அவர் இருந்தது ரேஷன் பிரிவில். லாரியில் வந்த அரிசியையும் பருப்பையும் இறக்கி வாங்கியவர். லாரியைப் பார்த்திருப்பார் என்பது உண்மைதான்.

இலஞ்சி ரோட்டில் ஒரு மெக்கானிக்கிடம் போனேன். என் தம்பி வயசிருக்கும். காரைச் சுற்றி வந்தான், குனிந்தான், நிமிர்ந்தான்.

"அக்கா, கீழ ஒரு சொட்டு இல்ல. வெளிய ஒழுகல. அப்ப இன்ஜின் உள்ள இழுத்து எரிக்குது. தண்ணி உள்ள போகாம அடைச்சு வைக்கிற ஹெட் கேஸ்கெட் போயிருக்கும். இன்ஜினைப் பிரிச்சிருவோம்."

"வேற எதுவும் இருக்காதாப்பா?"

"இருக்கலாம். பிரிச்சாத்தான தெரியும்?"

வயிற்றுவலி என்று வந்தவரை முதலில் கிழித்துப் பார்த்துவிடலாம் என்று எங்கள் டாக்டர் சொன்னால் எப்படி இருக்கும்? கேஸ்கெட் போனால் வெளியே என்ன தெரியும் என்று கேட்டேன். புகைக்குழாயில் வெள்ளைப் புகை வரும், ஆயில் பால் கலந்த டீ மாதிரி ஆகும் என்றான். இரண்டையும் பார்க்கச் சொன்னேன். புகை இல்லை. ஆயில் ஆயில் மாதிரியே இருந்தது.

"அப்ப கேஸ்கெட் நல்லாத்தான இருக்கு?"

"இப்போதைக்கு நல்லா இருக்கு," என்றான், அது எப்படியும் ஒரு நாள் தன்னிடம் வந்துதானே ஆக வேண்டும் என்பது போல.

ரேடியேட்டர் மூடியை மாற்றினான், தண்ணீர் ஓடுகிற ரப்பர் ஹோஸ்களின் கிளிப்பை எல்லாம் இறுக்கினான். தண்ணீர் அதன் பாட்டுக்குக் குறைந்துகொண்டே போனது.

அதற்குள் காருக்குள் வேறு பிரச்சினைகள். கண்ணாடியில் உள்பக்கம் ஒரு மூட்டம் படியும். எண்ணெய்க் கையால் தடவினதுபோல் மங்கலாக இருக்கும்; துடைத்தால் இன்னும் தீற்றிக்கொள்ளும். "குற்றாலச் சாரல்மா. மேகம் காருக்குள்ளயே வந்துட்டு பாத்தியா?" என்று அத்தான் சந்தோஷப்பட்டு, அதுவரை உடம்பில் படாமல் காப்பாற்றி வைத்திருந்த துண்டை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்து முழுக் குருடாக்குவார். கூடவே ஒரு தித்திப்பு வாடை. குற்றாலம் ரோட்டில் அவர் வாங்கிய பலாப்பழத்தைப் பின்சீட்டில் மறந்து வைத்திருந்தது இரண்டாம் நாள்தான் தெரிந்தது. பழத்தை எடுத்தேன், வாடை எடுபடவில்லை. பலா அப்படித்தான் என்று விட்டுவிட்டேன்.

எல்லாவற்றையும்விட அந்த முன்சீட்டு ஈரம்தான் என்னைப் படுத்தியது. கார்ப்பெட் காயவே இல்லை. மிதியடியைத் தூக்கினால் சொதசொதவென்று இருக்கும். ஆஸ்பத்திரியில் என்கூட வேலை பார்க்கும் நர்ஸ் ஒரு நாள் ஏறிவிட்டு, செருப்போடு காலையும் தூக்கி வைத்துக்கொண்டே சுரண்டை வரை வந்தாள். வீட்டுக்காரரின் அண்ணனிடம், துடைத்துவிட்டு ஏறுங்கள் என்று எப்படிச் சொல்வது? வாயால் சொல்ல முடியாததைப் பொருளால் சொல்லலாம் என்று நினைத்தேன். மெடிக்கல் ஷாப்பில் ஒரு ரப்பர் ஷீட் வாங்கி, முன்சீட்டிலிருந்து கால் வைக்கிற இடம் வரை விரித்தேன்.

மறுநாள் காலை அத்தான் கதவைத் திறந்தார். ஷீட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இது கைப்பிள்ளைக்கு விரிக்கிற ஷீட்டுல்லா?"

"சீட் நனையக் கூடாதுன்னுதான் அத்தான்..."

"நான் நனைச்சிருவேன்னு விரிச்சிருக்க."

அது உண்மைதான். பட்டாளத்துக்காரர் பின்வாங்கினால் அது எப்படி இருக்கும் என்பதை அன்று பார்த்தேன். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். துண்டை உதறித் தோளில் போட்டார். தெருவின் நட்டநடுவில் நடந்து பஸ் ஸ்டாண்டைப் பார்த்துப் போனார். எதிர்வீட்டுக்காரி கோலப்பொடியைக் கையில் வைத்தபடியே, "வண்டி ரிப்பேரா?" என்று என்னிடம் கேட்டாள்.

அன்றிலிருந்து தினமும் பஸ்தான். கோபத்தில் ஊருக்குப் போயிருந்தாலாவது எனக்குக் கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும். அவர் போகவில்லை. வீட்டில்தான் இருந்தார், என் கையால்தான் சாப்பிட்டார். ரசம் வேண்டும் என்றால், "ரசம் இருக்கா?" என்று காற்றைப் பார்த்துக் கேட்டார். ஒரு நாள் மழையில் அவர் பஸ்ஸுக்கு நிற்பதைப் பார்த்து வண்டியை நிறுத்தினேன். "நான் ஈரமா இருக்கேம்மா. நீ போ," என்றார். அங்கே நின்றவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு கார்ப்பெட்டுக்காக ஒரு வயசான மனுசனை ரோட்டில் நிறுத்திவிட்டோமே என்று அன்று முழுக்க மருந்து கட்டுகிற கவர்களில் தப்புத் தப்பாக எழுதினேன்.

பிறகு சாரல் நின்று சுள்ளென்று வெயில் அடித்தது. முன்சீட்டில் ஒரு வாரமாக யாருமே ஏறவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் காரைச் சுத்தம் பண்ணலாம் என்று ரப்பர் ஷீட்டை உருவினேன். மேலே எலும்பு மாதிரி காய்ந்திருந்தது. அடியில் கார்ப்பெட் சொதசொதவென்றே இருந்தது.

குனிந்தபடியே கணக்குப் போட்டேன். ஒரு வாரமாக அத்தான் இல்லை; மழை இல்லை; பலாப்பழம் இல்லை. ஈரம் இருக்கிறது, அதே தித்திப்பு வாடை இருக்கிறது. உள்ளே போய்ப் பஞ்சு எடுத்து வந்து கார்ப்பெட்டில் அழுத்தினேன். பஞ்சு இளம்பச்சையாக வந்தது. விரலில் பிசுபிசுத்தது. பானட்டைத் திறந்தால் டப்பாவில் தண்ணீர் மறுபடியும் கீழ்க்கோட்டில்.

வீட்டுக்காரரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"அது கூலன்ட்தானான்னு எப்படித் தெரியும்?" என்றார். "நாக்குல வச்சுப் பாரு. இனிச்சா கூலன்ட்."

"அது விஷங்க."

"லேசாத்தான?"

இவர் கையில் சட்டம் ஒழுங்கு இருக்கிறது. போனை வைத்துவிட்டு மெக்கானிக்கிடம் போனேன்.

கார்ப்பெட் ஈரம் என்றதும் அவன் சிரித்தான். "அது ஏசித் தண்ணிக்கா. டியூப் அடைச்சிருக்கும், ஊதிவிட்டாச் சரியாப் போகும்." நான் பஞ்சை நீட்டினேன். "ஏசித் தண்ணி பச்சையாவா இருக்கும்? பிசுபிசுன்னு ஒட்டுமா?" என்று கேட்டேன். வாங்கி மோந்து பார்த்தான். சிரிப்பு போய்விட்டது.

இன்ஜின் நன்றாக ஆறியதும், ரேடியேட்டர் வாயில் சைக்கிள் பம்ப் மாதிரி ஒன்றை மாட்டிக் காற்றை அடித்தான். அதில் ஒரு மீட்டர், மீட்டரில் ஒரு முள். எங்கும் ஒழுகாவிட்டால் முள் நின்ற இடத்தில் நிற்க வேண்டுமாம். அது நிற்கவில்லை, மெல்ல, அவசரமே இல்லாமல் இறங்கியது. முன்சீட்டுப் பக்கம் தரையோடு தரையாகக் குனிந்து டார்ச் அடித்தோம். டேஷ்போர்டுக்கு அடியில் பச்சையாக ஒரு சொட்டு திரண்டு, யோசித்து, தகரத்தோடு வழிந்து கார்ப்பெட்டுக்கு அடியில் போனது.

"ஹீட்டர்க்கா," என்றான்.

"எந்த ஹீட்டர்?"

"கார்ல இருக்குல்லா, குளிருக்குச் சூடா காத்து வர. இன்ஜின் சுடுதண்ணி அது வழியாத்தான் சுத்தி வருது. உள்ள சின்னதா ரேடியேட்டர் மாதிரி இருக்கும். அது ஓட்டையாயிட்டு. அந்த ஆவிதான் கண்ணாடியில படியுது."

தென்காசியில் ஒரு கார். பங்குனி வெயிலில் கையை வைத்தால் கொப்புளிக்கும் கார். அதற்குள் ஒரு ஹீட்டர் உட்கார்ந்துகொண்டு, பிறந்ததிலிருந்து ஒருவரும் அதைத் தொடாத ஆத்திரத்தில் அழுதுகொண்டிருந்திருக்கிறது. புதுசு மாட்ட வேண்டுமென்றால் டேஷ்போர்டு முழுவதையும் கழற்ற வேண்டும் என்றான். இல்லையென்றால் ஹீட்டருக்குப் போகிற ஹோஸையும் வருகிற ஹோஸையும் இன்ஜின் பக்கமே இணைத்து, அதை விலக்கி விட்டுவிடலாம். "ஹீட்டர் வேல செய்யாது. பரவாயில்லையாக்கா?" என்று கேட்டான். கேட்கும்போது அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இணைத்து முடித்து, மறுபடி காற்றை அடித்துப் பார்த்தான். முள் நின்றது. நாங்கள் ஒரு டீ குடித்துவிட்டு வந்து பார்த்தபோதும் நின்ற இடத்திலேயே நின்றது.

அங்கிருந்து நேரே ஐந்தருவிக்கு விட்டேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். பஸ் நிற்கிற இடத்தில், எண்ணெய் தேய்த்துக்கொண்டவர்களுக்கும் மங்குஸ்தான் பையுமாக நின்றவர்களுக்கும் நடுவே, அத்தான் வேட்டி சொட்டச் சொட்ட நின்றார். இறங்கிப் போனேன்.

"அத்தான், அந்த ஈரம் உங்க ஈரம் இல்ல. வண்டி ஈரம். ஹீட்டர் ஒழுகிருக்கு. நான்தான் தப்பா நினைச்சிட்டேன்."

அவர் அருவி இருக்கிற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் வந்தது. ஜனம் முண்டியடித்து ஏறியது. அவர் ஏறவில்லை.

"ஷீட்டு இருக்கா?" என்றார்.

"எடுத்துப் போட்டுட்டேன்."

வந்து கதவைத் திறந்தார். கார்ப்பெட்டை உருவி மெக்கானிக் ஷாப்பிலேயே வெயிலில் போட்டுவிட்டு வந்திருந்ததால் உள்ளே வெறும் தகரம் தெரிந்தது. அதைக் கொஞ்ச நேரம் கவனமாகப் பார்த்தார். பிறகு துண்டை எடுத்து, தலையையும் முதுகையும் ஒரு தடவை துடைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். மூலிகையைப் பற்றி நாங்கள் இருவரும் பேசவில்லை.

அதற்குப் பிறகு கூலன்ட் மேல்கோட்டிலேயே நிற்கிறது. கண்ணாடி தெளிவாக இருக்கிறது. பாவூர்சத்திரத்தில் ஒரு கல்யாண வீட்டில், இன்ஜினைப் பிரிக்க இருந்த மெக்கானிக்கை அத்தான் எப்படித் தடுத்து நிறுத்தினார், ஹீட்டராகத்தான் இருக்கும் என்று முதல் நாளே எப்படிச் சொன்னார் என்பதை அவர் வாயாலேயே ஒரு பந்தி முழுவதும் உட்கார்ந்து கேட்டது. கதை எனக்கே புதிதாக இருந்ததால் நானும் கேட்டேன். என் வீட்டுக்காரர் அன்று அதிசயமாக லீவில் வந்திருந்தார்; நாக்கில் வைத்துப் பார்க்கச் சொன்னதே தான்தான் என்று இடையில் புகுந்து சொன்னார்.

சீசன் முடிந்து அத்தானை ரயில் ஏற்றிவிடக் கூட்டிப் போனேன். பெட்டிகளை இறக்கிவிட்டு, ஏதோ நினைவு வந்தவர்போல் கார் ஜன்னலில் குனிந்தார்.

"ஏம்மா, ஹீட்டர விலக்கிட்டியே, நாளைக்கு ஊட்டி கீட்டி போனா என்ன செய்வ?"

"ஸ்வெட்டர் போட்டுக்கிடுவேன் அத்தான்."

யோசித்துப் பார்த்துவிட்டு, அதுவும் சரிதான் என்று தலையை ஆட்டினார்.