வட்டப்பேருக்கு ஒரு கட்டம்

நோயும் இல்லாமல், மருந்துக் கம்பெனிப் பையும் இல்லாமல் தினமும் ஆஸ்பத்திரி ஏறி இறங்குகிற தொழில் ஒன்று உண்டு. டாக்டர்களின் நோட்டையும் ஃபைலையும் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோகிற தொழில். இரண்டாயிரத்து எட்டு வாக்கில் தொடங்கிப் பல வருஷம் அதைத்தான் செய்தேன். கொட்டாரத்தில் காலை பஸ் பிடித்து நாகர்கோவில் வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு மாவட்டத்தின் மேற்கு மூலை வரைக்கும் போவேன். புதுச் சாமானைப் பழைய ஆட்களிடம் கொண்டுபோய் வைத்து, "இது நல்லது, நம்புங்க" என்று கெஞ்சுகிற வேலையில் இருக்கும் சகோதர சகோதரிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு நம்முடைய அவஸ்தை எங்கே புரியப்போகிறது!

எங்கள் கம்பெனி சின்னது. சென்னையில் நாலு பேர் சாஃப்ட்வேர் எழுதுவார்கள். குமரி மாவட்டத்துக்கு நான் ஒருத்தி. எனக்குக் கிடைத்த முதல் இடம் புதுக்கடை ஜங்ஷனில் ஒரு கிளினிக். பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர்கள் முழுக்க அங்கேதான் வருவார்கள். டாக்டர் கம்ப்யூட்டரை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "கிறிஸ்மஸ் வரைக்கும் நோட்டும் நடக்கட்டும், பெட்டியும் நடக்கட்டும். அதுக்குப் பெறவு ரெண்டுல ஒண்ணுதான்" என்றார்.

அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். முன் மேஜையில் சீட்டு எழுதிக்கொண்டிருந்த ரோஸ்லின் அக்காவின் முகம் அப்படியே வாடிப்போனது. பத்தொன்பது வருஷமாக அந்த நோட்டும் அலமாரியும் அவர் கையில்தான். ரெண்டுல ஒண்ணு என்றால் ஒன்று பெட்டி, இல்லையென்றால் தான் என்றே அவர் எடுத்துக்கொண்டார். "அக்கா, உங்க நாற்காலி எங்கயும் போகாது. அதுக்கு நான் பொறுப்பு" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று கேட்காதீர்கள். அப்போது எனக்கு வயது இருபத்து நாலு.

அலமாரிக்குள் கடற்கரை

முதல் வேலை, பழைய ஃபைல்களைப் பார்ப்பது. அலமாரியைத் திறந்தால் எனக்குத் தலை சுற்றியது. அகர வரிசையும் இல்லை, நம்பரும் இல்லை. ஆனால் வாசலில் ஆள் தலை தெரிந்ததும் அக்கா எழுந்துபோய் ஒரே இழுப்பில் ஃபைலை எடுத்துவிடுவார். அரைநாள் பக்கத்தில் நின்று பார்த்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது. மேல் தட்டு கிழக்குக் கரை ஊர்கள், கீழே போகப் போக மேற்கு. ஒவ்வொரு ஊரும் அதன் மாதா கோயிலில் தொடங்கும். கோயிலுக்கு வடக்கே முதல் வீடு, இரண்டாவது வீடு, சிலுவை நிற்கிற குருசடி தாண்டி, கிணற்றங்கரை தாண்டி, கடைசியில் கடலைப் பார்த்த வரிசை.

அண்ணன் தம்பி பாகம் பிரிந்தால் ஃபைலும் தனியாகப் பிரியும். மகளைக் கட்டிக்கொடுத்தால் அவள் ஃபைல் அன்றைக்கே புருஷன் ஊர்த் தட்டுக்குப் போய்விடும். நான் விடுவேனா? கம்ப்யூட்டர் படித்த திமிரில், "ஆளுக்கொரு நம்பர் போட்டா எவ்வளவு சுலபம்!" என்றேன். அக்கா ஃபைலைத் தூசி தட்டிக்கொண்டே சொன்னார்:

"நம்பரு பஸ்சுக்குப் போதும் பிள்ளே. மனுசனுக்கு வீடு உண்டும்."

இருபத்து மூன்று மேரி

இரண்டு மாதம் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஏற்றினேன். ஆளுக்கொரு நம்பர் போட்டு அட்டையும் கொடுத்தேன். மறுநாள் முதல் ஒருத்தரும் அட்டையைக் கொண்டுவரவில்லை. கேட்டால், வீட்டில் மாதா படத்துக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது என்றார்கள். சரி, பெயரை வைத்துத் தேடிக்கொள்ளலாம் என்று தைரியமாக இருந்தேன். மூச்சு இழுத்துக்கொண்டு ஓர் அம்மா வந்தார். பெயர் மேரி. தட்டினேன். திரை முழுக்க மேரி, கீழே இறக்கினால் இன்னும் மேரி, எண்ணினால் இருபத்து மூன்று. புருஷன் பெயர் கேட்டேன், அந்தோணி. அந்தோணி பெண்டாட்டி மேரி மட்டும் ஒன்பது பேர். வயது கேட்டால், "நீயே பாத்துப் போடு மக்கா" என்கிறார், அதுவும் இளைத்துக்கொண்டே.

ரோஸ்லின் அக்கா எழுந்தார். ஃபைலை எடுத்தார், உள்ளே கொடுத்தார். டாக்டர் கதவு வழியாக இதைப் பார்த்துவிட்டார். அன்றைக்குப் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து நன்றாக அழுதேன், சொல்வதற்கென்ன வெட்கம்!

மறுநாள் அக்காவிடமே போய் நின்றேன். "எந்த மேரின்னு எப்படிக்கா தெரியுது?" அக்கா சிரித்துவிட்டார். "ஊருல வட்டப்பேரு பின்ன எதுக்கு கெடக்கு?" ஊரார் சேர்ந்து ஒருத்தருக்கு வைக்கிற பெயர்தான் வட்டப்பேரு. ஞானஸ்நானப் பெயர் பத்துப் பேருக்கு இருக்கும், வட்டப்பேரு ஒருத்தருக்குத்தான். உடனே சென்னைக்குப் போன் போட்டு, வட்டப்பேருக்கு ஒரு கட்டம் வேண்டும் என்றேன். "மேடம், அமெரிக்காவுலயே அப்படி ஒரு கட்டம் கிடையாது" என்றார்கள். புதுக்கடையில் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று வாங்கினேன்.

பிறகு மூன்று மத்தியானம் அக்கா சொல்லச் சொல்ல நான் தட்டினேன். வட்டப்பேரோடு மட்டும் அவர் நிற்கவில்லை. இவனுக்கு இந்த மாத்திரை ஆகாது, இவளுக்கு அந்த ஊசி போட்டால் முகம் வீங்கும் என்று ஒவ்வொருத்தராகச் சொல்லிக்கொண்டே போனார். ஃபைலில்கூட இல்லாத சங்கதிகள் அதெல்லாம். ஆகாத மருந்துக்கு சாஃப்ட்வேரில் ஒரு சிவப்புக் கட்டம் உண்டு. ஒரு சொல்லைக்கூட மாற்றாமல் அப்படியே அதில் ஏற்றினேன். கடைசி ஆள் முடிந்ததும் அக்கா தலைமுடியை அவிழ்த்துக் கட்டிக்கொண்டு சொன்னார்:

"எனக்க தலையில உள்ளது பூரா எறக்கியாச்சு. இனி நான் எதுக்கு பிள்ளே?"

சாளை

அதே வாரத்தில்தான் ஒரு பெரிய பிழை நடந்தது. பிழை என்னுடையதுதான், கம்பெனி மேல் போட மாட்டேன். மருந்துச் சீட்டை அச்சடிக்கிறபோது எந்தெந்தக் கட்டம் வரவேண்டும் என்று டிக் செய்ய வேண்டும். நான் எல்லாவற்றையும் டிக் செய்துவிட்டேன்.

மரியதாஸ் என்று ஒருவர். மீன்பிடி வள்ளம் வைத்திருக்கிற நல்ல உயரமான மனிதர். சளிக்கு மருந்து வாங்க வந்தார். மருந்துக் கடைக்காரர் சீட்டை வாங்கி, கடை வாசலில் அத்தனை பேர் நிற்க, "சாளை மரியதாஸ் ஆரு?" என்று உரக்கக் கூப்பிட்டுவிட்டார். சாளை என்றால் எங்கள் ஊரில் மத்தி மீன். எந்தக் காலத்திலோ சாளைக்காக ஒரு பந்தியில் சண்டை போட்டாராம், அதிலிருந்து அந்தப் பெயர். ஊர் முழுக்கச் சொல்லும், ஆனால் இருபது வருஷத்தில் ஒருத்தரும் அவர் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. சீட்டைப் பிடித்துக்கொண்டு மனிதர் கிளினிக்குக்குள் வந்தார் பாருங்கள், நான் மேஜைக்கு அடியில் போய்விடலாமா என்று பார்த்தேன்.

ரோஸ்லின் அக்கா என் தொடையில் கிள்ளி, "வட்டப்பேரு ஆளுக்குப் பின்னால நடக்கது. நீ அத முன்னால விட்டியா ஏட்டி?" என்று பல்லைக் கடித்தார். மரியதாஸ் அண்ணன், "அத அழிச்சுப்போடு, இப்பமே அழி!" என்று நின்றார். அழித்துவிடுகிறேன் என்று கும்பிட்டேன். சத்தம் கேட்டு டாக்டர் வெளியே வந்தார். மரியதாஸ் அண்ணன் அவரை ஏற இறங்கப் பார்த்து, "டாக்டருக்க வட்டப்பேரும் இதுல அடிச்சிருக்கா?" என்று கேட்டார். டாக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ரோஸ்லின் அக்கா மின்விசிறியைப் பார்க்கத் தொடங்கினார். வரிசையில் இருந்த பெண்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். டாக்டர் மெதுவாகக் கேட்டார்:

"ரோஸ்லினே, எனக்கும் உண்டுமா?"

அக்கா இல்லாத நாள்

நான் அந்தப் பெயரை அழிக்கவில்லை. அச்சில் வராமல் மட்டும் நிறுத்திவிட்டேன். அழித்தால் பதினொரு மரியதாஸில் இவரை எப்படிக் கண்டுபிடிப்பது? வாக்குத் தவறிவிட்டோமே என்று மனசுக்குள் ஒரு உறுத்தல் மட்டும் இருந்தது.

டிசம்பர் பிறந்ததும் ரோஸ்லின் அக்காவின் மகளுக்குப் பிரசவ வலி வந்து, அக்கா நாகர்கோவில் போய்விட்டார். பத்தொன்பது வருஷத்தில் அவர் நாற்காலி காலியாக இருந்தது அன்றைக்குத்தான். அதில் நான் உட்கார்ந்தேன். பத்து மணிவாக்கில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து என் மேஜைக்குப் பக்கத்துப் பெஞ்சில் உட்காரவைத்தது, அதே மரியதாஸ் அண்ணனை. திருக்கை மீன் முள் காலில் ஏறி மூன்று நாள் ஆகியிருந்தது. கால் முட்டி வரைக்கும் வீங்கி, உடம்பு அனலாகக் கொதித்தது. டாக்டர் காலைப் பார்த்துவிட்டு நர்ஸிடம் பென்சிலின் ஊசி எடுக்கச் சொன்னார். முன்னால் எந்த ஊசியாவது ஒத்துக்கொள்ளாமல் போனதா என்று கேட்டதற்கு, காய்ச்சல் மயக்கத்தில் அண்ணனுக்கு ஒன்றும் நினைவில்லை, அவரோடு வந்தவர்களுக்கும் தெரியவில்லை. "பழசு பாரும்மா" என்று டாக்டர் என்னைப் பார்த்தார்.

மரியதாஸ் என்று தட்டினேன். பதினொன்று வந்தது. இவர் எது என்று தெரிய ஒரே வழிதான் உண்டு, எனக்குத் தெரியும். ஆனால் மனிதர் பக்கத்திலேயே, திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்! விரல் ஓடவில்லை. நர்ஸ் மருந்தை ஏற்றிக்கொண்டு வருகிறார். அப்போது மரியதாஸ் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டே முனகினார்: "சாளைன்னு அடி பிள்ளே. நீ அழிக்க மாட்டேன்னு எனக்கு அப்பமே தெரியும்."

அடித்தேன். ஒரே ஆள். சிவப்புக் கட்டத்தில் ரோஸ்லின் அக்கா சொன்னது சொன்னபடி இருந்தது: "பென்சிலின் ஆகாது. முன்ன ஒருக்கா போட்டு, கண்ணு சொருகி இஞ்சயே விழுந்தவன். டாக்டருக்கு மறந்து போவும், நான் சொல்லணும்." "சிஸ்டர், போடாதீங்க!" என்று நான் போட்ட சத்தம் ஜங்ஷன் வரைக்கும் கேட்டிருக்கும். டாக்டர் ஓடிவந்து திரையைப் படித்தார். இரண்டு தடவை படித்தார். ஊசியை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு வேறு மருந்து சொன்னார். அண்ணன் நாலு நாளில் நடந்து வீட்டுக்குப் போனார். அன்றைக்கு எனக்கு வந்த பெருமைக்கு அளவே இல்லை. அதில் பாதி ரோஸ்லின் அக்காவுக்குரியது என்பதும் எனக்குத் தெரியும். டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்:

"ஆளு நாகர்கோவில்ல இருக்கா, சத்தம் இஞ்ச கேக்குது பாத்தியா!"

நாற்காலி

கிறிஸ்மஸுக்கு இரண்டு நாள் முன்னால் அக்கா முந்திரிக்கொத்தோடு திரும்பி வந்தார். பேரன் பிறந்திருந்தான். எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, அலமாரிச் சாவியை டாக்டர் மேஜையில் வைத்தார். நடந்ததை நர்ஸ் போனிலேயே சொல்லியிருந்தார் போல. "பெட்டிதான் ஜெயிச்சுன்னு கேட்டேன். அப்ப நான் எந்திரிச்சுக்கிடவா டாக்டரே?" நான் அந்த நாற்காலியின் முதுகைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். நான் வாக்குக் கொடுத்த நாற்காலி அல்லவா!

டாக்டர் சாவியை எடுத்து அவர் கையிலேயே திரும்ப வைத்தார். "அந்தச் சிவப்புக் கட்டத்த நான் எழுதல, இந்தப் பிள்ளையும் எழுதல. இனி புதுசா வாறவனுக்கெல்லாம் ஆரு எழுதுவா? நாற்காலிய அந்தப் பெட்டிக்கு முன்னால நீக்கிப் போடு" என்றார். நான்தான் நகர்த்திப் போட்டேன். அக்கா ஒற்றை விரலால் முதலில் தட்டியது பேரன் பெயரை. வட்டப்பேரு கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டார். ஊர் பார்த்து வைக்கட்டுமாம்.

அடுத்த வருஷம் திருவட்டாறில் ஒரு கிளினிக் கிடைத்தது. அங்கேயும் முன் மேஜையில் ஒரு பெண், அதே வாடிய முகம். இந்தத் தடவை நான் வாக்கெல்லாம் கொடுக்கவில்லை. ஒரு லீவு நாள் பார்த்து ரோஸ்லின் அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன். அக்கா அந்தப் பெண் பக்கத்தில் நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கம்ப்யூட்டர் தலையில் ஒரு தட்டுத் தட்டிச் சொன்னார்:

"பேடிக்காத மக்ளே, என்ன பயம்? இதுக்கு ஒரு மண்ணும் தெரியாது, நாமதான் சொல்லிக் குடுக்கணும்."

அதற்கப்புறம் மாவட்டத்தில் எத்தனையோ கிளினிக்குகளில் வட்டப்பேருக்குக் கட்டம் போட்டுக் கொடுத்தேன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன், ஆனால் ஒரு காய்ச்சலுக்கு மருந்து வாங்கியதில் புதுக்கடைப் பெட்டிக்குள் ஏறிவிட்ட என் பெயருக்கு நேரே அந்தக் கட்டத்தில் ரோஸ்லின் அக்கா என்ன அடித்து வைத்திருக்கிறார் என்பதைத்தான் இன்று வரை ஒருத்தரும் என் முகத்துக்கு நேரே சொல்லவில்லை.