நாலு பேர் சைஸ், வாரம் ஒரு சாம்பிள்

1. சத்தம் நின்ற ஊர்

ஊரடங்கு தொடங்கிய வாரத்தில் என்னை எழுப்பியது அமைதிதான். முதலிபாளையத்தில் இருபத்தாறு வருடம் நிட்டிங் மெஷின் இரைச்சலோடு தூங்கிப் பழகியவள் நான். அது நின்றதும் காதில் தண்ணீர் புகுந்ததுபோல் இருந்தது. தொழிற்பேட்டைச் சாலையின் நடுவில் ஒரு மயில் அவசரமில்லாமல் நடந்துபோயிற்று. பஞ்சுத் தூசி அடங்கிப்போன வெயிலில் தூரத்துக் கூரைகள் பக்கத்தில் வந்து நின்றன. அந்த மாதங்களை நினைத்தால், விழித்துக்கொண்டே கண்ட கனவுபோல்தான் இருக்கிறது.

ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் க்யூ.சி.யாக இருந்து ஓய்வு பெற்றிருந்தேன். தைத்த பனியனில் தையல் விட்டிருக்கிறதா, கறை இருக்கிறதா, அளவு சரியா என்று பார்ப்பது என் வேலை. எங்கள் பங்குக் கோயிலின் உதவிச் சங்கம் நிவாரணப் பை கொடுக்க முடிவு செய்தபோது, ஃபாதர் என்னை அழைத்தார்.

"பேக்கிங் உங்களுக்குத் தெரியாததா, ஸ்டெல்லாம்மா? லிஸ்ட்டையும் நீங்களே போட்டுருங்க."

லைன் வீடுகளில் இருந்த தெற்கத்திக் குடும்பங்கள், ரூம்களில் அடைந்து கிடந்த வடமாநிலத் தொழிலாளர்கள் என்று வீதி வீதியாக எழுதினேன். மதம் கேட்கவில்லை, ஆள் எண்ணிக்கை மட்டும் கேட்டேன். கம்பெனி வைத்திருந்தவர்களை எழுதவில்லை. ஓனர் வீட்டில் அரிசி இருக்காதா என்ன? அரிசி, பருப்பு, எண்ணெய், ரவை, சோப்பு. பாதிப் பேர் கோயிலுக்கு வந்து வாங்கிப்போனார்கள், மீதிப் பேருக்கு நாங்கள் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தோம். துணிப் பையின் முன்பக்கம் சங்கத்தின் பெயரைப் பெரிதாக பிரிண்ட் செய்திருந்தோம். பிரிண்ட் பிசிறில்லாமல் விழுந்திருந்ததில் எனக்குப் பெருமை.

2. மொட்டை மரம்

சென்னியப்பனுக்கு வீட்டுக்குப் பின்னால் தகர ஷெட்டில் எட்டு மெஷின். பெரிய கம்பெனிகளிடம் வெட்டிய துணியை வாங்கித் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட். அவரும் ஓனர் என்பதால் என் லிஸ்ட்டில் இல்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எங்கள் கோயில் பிள்ளைகளின் நாடகத்துக்கு அவர்தான் உடுப்பு தைத்துத் தருவார். கூலி பேச வாயெடுத்தால், "சாமி காரியமுங்க" என்று மெஷினைப் போட்டு இரைச்சலில் பேச்சை முடித்துவிடுவார்.

ஒரு நாள் காலை பைகளோடு அவர் வீட்டைக் கடந்தபோது வாசல் முருங்கையைப் பார்த்தேன். கைக்கு எட்டும் உயரம்வரை ஓர் இலை இல்லை. துரட்டி எட்டும் உயரத்திலும் இல்லை. உச்சியில் மட்டும் கொஞ்சம் பச்சை, வானத்தில் ஒட்டிக்கொண்டதுபோல் அசைந்தது. அவர் மனைவி வாசலில் நின்றிருந்தார்.

"என்னம்மா, மரத்துக்கு மொட்டை போட்டுட்டீங்களா, பழனிக்கு வேண்டுதலா?" என்றேன்.

"கீரை ஒடம்புக்கு நல்லதுங்களே, அக்கா" என்றார். சிரிக்க முயன்று, முடியாமல் உள்ளே போய்விட்டார்.

நாலு வீடு தள்ளிப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. பனியனில் நூலளவு ஓட்டையைக் கண்டுபிடிக்கும் கண்ணுக்கு, புருஷனும் பெண்டாட்டியும் இரண்டு பெண் பிள்ளைகளும் பல நாளாகக் கீரையை மட்டுமே தின்று இருப்பது தெரியவில்லை.

மறுநாள் ஒரு பையை அவர் கேட்டில் மாட்டிவிட்டு வந்தேன். மதியம் ஆவதற்குள் அதை சென்னியப்பனே கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். நடந்தே வந்திருந்தார்.

"ஏனுங்க மேடம், பை ஊடு மாறி வந்துருச்சுங்க. இல்லாதவிய ஊட்டுக்குக் குடுத்துருங்க."

பையில் முடிச்சுகூட அவிழவில்லை. அவர் திரும்பி நடந்தபோது சட்டை முதுகில் தொளதொளவென்று ஆடியது. அளவெடுக்கும் பழக்கத்தில் சொல்கிறேன்: ஒரு சைஸ் இறங்கியிருந்தார்.

3. அப்ரூவல்

எங்கள் தொழிலில் சாம்பிள் இல்லாமல் பல்க் கிடையாது. முதலில் ஒரு பீஸ் தைத்து அனுப்ப வேண்டும். அதைப் பார்த்து கமெண்ட் வந்து, சரிசெய்த பிறகுதான் மொத்தமாகத் தைக்கலாம். அடுத்த வாரம் ஒரு பையில் மஞ்சள் டேக் கட்டினேன். 'சாம்பிள். சைஸ்: நாலு பேர்.' வெற்று கமெண்ட் ஷீட் ஒன்றையும் செருகி, சென்னியப்பனின் ஷெட்டுக்கே கொண்டுபோய் நீட்டினேன்.

"பல்க் போறதுக்கு முன்னாடி யாராவது சமைச்சுப் பாத்து எழுதித் தரணும்" என்றேன். "எனக்குத் துணிதான் தெரியும். உங்க கண்ணு கறாரான கண்ணு."

அவர் டேக்கைப் படித்தார். 'நாலு பேர்' என்ற இடத்தில் கட்டைவிரல் நின்றது. ஷெட்டுக்குள் எட்டு மெஷினும் துணி மூடித் தூங்கிக்கொண்டிருந்தன. பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"ஒரு தடவை பாத்தாப் பத்தாதுங்க மேடம். லாட்டுக்கு லாட்டு மாறுமுங்க. வாராவாரம் பாக்கோணுமுங்க."

"அதான் முறை" என்றேன். இருவருமே சிரிக்கவில்லை.

சொன்ன வேலையை அவர் செய்தார். 'பருப்பு ரெண்டு மணி நேரம் ஆகியும் வேகவில்லை, கேஸ் தீரும், லாட் ரிஜெக்ட்' என்று முதல் ஷீட் வந்தது. ஃபாதர் வாசித்துவிட்டு மூட்டைகளைக் கடைக்காரரிடமே திருப்பி அனுப்பினார். 'வடக்கத்திப் பையன்களுக்கு அரிசியைக் குறைத்து கோதுமை மாவு போடவும்' என்பது இரண்டாவது. மூன்றாவது ஷீட்டில் சமையல் பற்றி எதுவும் இல்லை.

'பிரிண்ட் பெரிசு. வாங்கிப் போகிறவர் முகத்துக்கு முன்னால் அதுதான் தெரிகிறது.'

அந்த வரியை நான் கோயில் படியில் உட்கார்ந்து பலமுறை படித்தேன். மறுநாள் எல்லாப் பைகளையும் உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப்போட்டோம். அதற்குப் பிறகு, அதுவரை பை வாங்க வராத சிலர் வந்தார்கள்.

கம்பெனிகள் திறந்து, ஊருக்கு இரைச்சல் திரும்பிய ஒரு மழைக்கால மாலை, சென்னியப்பன் என் வீட்டுக்கு வந்தார். எல்லா மஞ்சள் டேக்குகளையும் நூலில் கோத்து என்னிடம் கொடுத்தார். கடைசி டேக்கின் பின்னால், 'இனி சாம்பிள் வேண்டாம்' என்று எழுதியிருந்தது. இன்னொரு கையில் ஒரு கட்டு முருங்கைக்கீரை. அதிலும் ஒரு டேக் தொங்கியது.

"சாம்பிளுங்க மேடம். கமெண்ட் சொல்லுங்க."

தரம் பார்ப்பது என்றால் அடுத்தவர் வேலையில் குறை தேடுவது என்று நினைத்தே நான் ஓய்வு பெற்றிருந்தேன். என் வேலையில் இருந்த குறையை, நான் பை கொடுத்த வீடு எனக்கு எழுதிக் கொடுத்தது. புதிதாக இந்த உதவி வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இது ஒன்றுதான்: பை வாங்குகிறவர்கள் கையிலும் ஒரு ஷீட்டைக் கொடுங்கள்.

அன்று கீரையைச் சமைத்தேன். டேக்கின் பின்னால் எழுதி மறுநாள் அவருக்கே அனுப்பினேன்: 'இளசு. உப்பு அளவு. அப்ரூவ்ட்.'