ஆனந்தம் என்று கேட்ட சொல்

காலை ஆறு நாற்பது. கேரளப் பக்கம், செங்கல் என்ற ஊருக்குப் போகும் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது ஒரு கறுப்புக் கிரானைட் கல். பெயின்டர் ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்து அதன் எழுத்துகளுக்குத் தங்க நிறம் கொடுத்துக்கொண்டிருந்தார். காலடியில் டர்பன்டைன் டப்பா.

அந்த வாசனை மற்றவர்களுக்குப் புதுவீட்டை நினைவூட்டும். எனக்கு ஞானம்மாள் மாமியை.

பல வருடங்களுக்கு முன் நான் ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு எல்லைச் செய்திகள் அனுப்பிக்கொண்டிருந்தேன். எல்லை என்றால் களியக்காவிளைச் சோதனைச்சாவடி. அதற்கே சட்டைப்பையில் இரண்டு பேனா.

மாமியின் மகன் அருள்தாஸ் பட்டாளத்தில் இருந்தான். மலையுச்சிச் சண்டையில் காயம்பட்ட இருவரை இழுத்துவந்து சேர்த்தான். மூன்றாமவனைத் தேடித் திரும்பப் போனான், வரவில்லை. அரசு பதக்கம் அறிவித்தது. ஊர் கிளப்புக்காரர்கள் இதே முக்கில் பளிங்குப் பலகை வைத்தார்கள். திறக்க வேண்டியவர் மாமி.

துணி போர்த்துமுன், கிளப் செயலாளர் பலகையை அவருக்கு வாசித்துக் காட்டினார். மாமி தமிழ்நாட்டு விளவங்கோட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். மலையாளம் பேசுவார், படிக்கத் தெரியாது. மேடை மலையாளம் காதுக்குப் பழக்கமில்லை. முதல் வரி, 'மரணானந்தர பகுமதி'. மாமி கைகாட்டி நிறுத்தினார்.

"எம் மகன் செத்ததுல ஆருக்கு ஆனந்தம்?"

செயலாளருக்கு வியர்த்தது. "ஆனந்தம் இல்ல மாமி. மரணத்துக்கு அனந்தரம். பொறவுன்னாக்கும் அர்த்தம். பகுமதின்னா மரியாதை."

"அர்த்தம் ஒனக்குத் தெரியும் மக்கா. எனக்குக் கேக்குதது ஆனந்தமாக்கும். அது கெடக்கும்போ நான் துணியைத் தொடமாட்டேன்."

விழாவுக்கு வரும் சிறப்பு விருந்தினரின் கார் நெய்யாற்றின்கரையைத் தாண்டிவிட்டதாகத் தகவல் வந்தது. செயலாளர் சந்தி பிரித்து மறுபடி விளக்கினார். மாமி பலகைக்கு முதுகைக் காட்டி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அன்று காலைதான் பலகையை எழுதி முடித்திருந்த ஊர்ப் பெயின்டர், "எலே, ஒனக்க இலக்கணம் மாமிகிட்ட ஓடாது" என்று சொல்லிக்கொண்டே ஒரு கந்தையை டர்பன்டைனில் நனைத்தார். காயாத கறுப்பு மை இரண்டு இழுப்பில் போனது. வரியின் முன்பாதி காலியாக, 'பகுமதி' மட்டும் நின்றது. மாமி எழுந்து, துடைத்த இடத்தை ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு, துணி போர்த்தி விருந்தினர் வந்ததும், திறந்தார்.

சாலையை அகலப்படுத்தியபோது பளிங்குப் பலகை போயிற்று. மாமியின் வீடும் போயிற்று. அதற்கு முன்பே மாமி போய்விட்டார்.

பெயின்டர் ஸ்டூலை நகர்த்தியதும் அருள்தாஸின் புதுக் கல்லைப் படித்தேன். முதல் வரியில், 'பகுமதி'க்கு முன்னால், இடம் ஏதும் காலியாக இல்லை.