மடக்கு போனை வீட்ல வச்சிட்டுப் போன அன்னைக்கு

என் டச்சு போனு உடைஞ்சதுக்கு நான் அழுகல. டிஸ்பிளே ஓரத்துல கீறல் விழுந்து, ஒண்ணத் தொட்டா இன்னொண்ணு திறக்குதுன்னு ரிப்பேருக்குக் குடுக்கச் சொல்லி என் வீட்டுக்காரர்கிட்ட நீட்டுனேன், அவ்வளவுதான். வாங்கிச் சட்டைப் பையில போட்டுக்கிட்டாரு. சாயங்காலம் வரும்போது கையில ஒரு சின்ன அட்டைப் பொட்டி. உள்ள செவப்புக் கலர்ல மடக்கு போனு. சோப்பு டப்பா கணக்காத் திறந்து மூடலாம்.

"பேசத்தான போனு? இது போதும் உனக்கு. கண்ட கண்ட வீடியோவப் பாத்துக் கண்ணுதான் கெட்டுப் போகுது"ன்னாரு.

யாரு கண்ணுன்னு கேக்க வாய் வரைக்கும் வந்துச்சு. படுத்துக்கிட்டே பாத்துப் பாத்து, போனு நழுவி மூஞ்சியில விழுந்து முழிச்சவரு அவரு. கேக்கல. கேட்டா அன்னைக்குச் சோறு தொண்டைக்குள்ள எறங்காது.

அந்தப் போனை நான்தான் சரி பண்ணணும். வீட்ல வேற யாருக்கும் அது தெரியாது. பழைய போனுல இருந்த சிம்மு நகத்தளவு, புதுப் போனுல குழி பெருசு. கடையில குடுத்த பிளாஸ்டிக் சட்டத்துக்குள்ள சிம்ம வச்சு, அது நழுவாம இருக்க மேல டேப்பு ஒட்டி, பேட்டரியப் போட்டு அமுக்குனேன். இன்னைக்கு என்ன தேதி, என்ன மணின்னு அது என்னையக் கேட்டுச்சு. எல்லாம் சொன்னேன். தமிழுக்கு மாத்திப் பாத்தா கோயில் கல்வெட்டு மாதிரி ஒரு வார்த்தையும் புரியல, மறுபடி இங்கிலீசுக்கே ஓடி வந்துட்டேன். அப்புறம் அவரு, ரெண்டாம் நம்பரை அமுக்கிப் பிடிச்சா அவருக்குப் போற மாதிரி வைக்கச் சொன்னாரு. வச்சேன்.

"மத்த நம்பரெல்லாம்?"

"வேற யாரு நம்பரு வேணும் உனக்கு?"

எங்கம்மா நம்பரு வேணும். அது பழைய போனுக்குள்ள இருந்துச்சு. அம்மான்னு இருக்கிற எடத்தைத் தொட்டாப் போகும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். பத்து எண்ணச் சொல்லுன்னா நான் எங்க போவேன்? பழைய போனைக் கேட்டேன். கடையில கெடக்கு, நாளைக்கு வாங்கித் தர்றேன்னாரு. அந்த நாளைக்கு இன்னும் வரல.

அம்மா மலையில இருக்கு. போடிமெட்டு தாண்டி அந்தப் பக்கம், ஒரு ஏலத் தோட்டத்துல காய் எடுக்குது. அப்பா போனதுக்கு அப்புறம் தோட்டத்து ஆளுகளுக்கு வரிசையாக் கட்டிவிட்ட லைன் வீட்டுல தனியாத்தான். லைன் வீட்டுல டவர் கெடையாது. வாரத்துல ஒரு நாள், சோலி முடிஞ்சதும் ரோட்டு வளைவு வரைக்கும் நடந்து வந்து, ஒரு பாறை மேல ஏறி நின்னு எனக்குப் போன் போடும். நாலு வார்த்தை பேசுறதுக்குள்ள மழை வந்துரும், இல்லேன்னா டவர் போயிரும். எனக்கு அது போதும். அம்மா அடுத்துக் கூப்பிடும்போது அந்த நம்பரை இந்த மடக்கு போனுலயும் பதிஞ்சுக்கலாம்னு காத்துக்கிட்டிருந்தேன்.

மடக்கு போனைக் குடுத்துட்டு அவருக்கு ஒரு கஷ்டம் வந்துருச்சு பாருங்க. முன்ன டச்சு போனா இருந்தப்போ வீடியோ கால் போட்டு, "போனைச் சுத்திக் காட்டு, அந்தச் சேருல யாரு"ன்னு கேப்பாரு. இதுல என்னத்தப் பாக்க? தன் கண்ணைத் தானே கட்டிக்கிட்டாரு மனுசன். ராசிங்காபுரம் பக்கத்துத் தோட்டங்கள்ல தேங்கா, தக்காளி லோடு ஏத்தி மதுரை, திண்டுக்கல்லுன்னு போறவரு. வண்டிய ஓரங்கட்டிட்டுக் கூப்பிடுவாரு.

"எங்க இருக்க?"

"வீட்லதான்."

"என்ன சத்தம் அது?"

"குருவி."

"எந்த வீட்டுக் குருவி?"

குருவிய அவரு நம்பல. கொஞ்ச நாள் டிவிய வைக்கச் சொன்னாரு. டிவி எந்த வீட்லயும் ஓடும்னு அவருக்கே தோணிருச்சு போல. அப்புறம்தான் மிக்சி. எங்க மிக்சிக்கு அடி ரப்பர் தேஞ்சு போச்சு, ஓடவிட்டா சிங்க்குல இருக்கிற பாத்திரமெல்லாம் சேர்ந்து ஆடும். அந்தச் சத்தம் உலகத்துல எங்க வீட்ல மட்டுந்தான். "மிக்சியப் போடு"ம்பாரு. போனைப் பக்கத்துல நீட்டிப் பிடிச்சுக்கிட்டுப் போடுவேன். வெறும் ஜாரு ஓடுனா அதையும் கண்டுபிடிச்சிருவாரு. அதனால பொட்டுக்கடலையோ தேங்காயோ கொஞ்சம் உள்ள கெடக்கணும். எங்க வீட்ல எந்த நேரமும் சட்னிதான். நல்லா இருக்குன்னு அவரே ரெண்டாவது தடவ வாங்கித் திம்பாரு.

சிரிப்பாத்தான் இருக்கும் சொன்னா. எனக்கு மூச்சு முட்டுச்சு. பாலு வாங்க முக்குக் கடைக்குப் போனாக்கூட ஓட்டமும் நடையுமாத் திரும்புவேன், மிக்சிகிட்ட நிக்கணுமே. அடிச்சாருன்னா யாருகிட்டயாவது சொல்லி அழுகலாம். இதை என்னன்னு சொல்ல? புருசன் அடிக்கடி போன் போடுறாருன்னு பக்கத்து வீட்டுல சொன்னேன். "குடுத்து வச்சவடி நீ, எங்க வீட்டு ஆளு நான் செத்துக் கெடந்தாலும் கூப்பிடாது"ன்னா அவ.

இந்த நேரத்துலதான் அம்மா விழுந்த சேதி வந்துச்சு. பக்கத்துத் தெருவுல இருந்து தெனமும் விடியக்கால ஜீப்புல மலைக்குப் போற அக்கா ஒருத்தி, கடையில வச்சுச் சொன்னா. மழை ஈரத்துல சரிவுல வழுக்கி விழுந்து கால் எலும்பு முறிஞ்சிருச்சாம். மாவுக்கட்டு போட்டு லைன் வீட்டுல படுக்க வச்சிருக்காகளாம். பக்கத்து வீட்டுப் பொம்பளைக கஞ்சி குடுக்குறாகளாம். கால் போனா அந்தப் பாறைக்கு எப்படி நடக்கும்? அதான் போன் வரல. நான் என்னடான்னா அம்மாவுக்கு என் மேல கோபம்னு நெனச்சு, நானும் பதிலுக்குக் கோபப்பட்டுக்கிட்டு இருந்திருக்கேன்.

அம்மாவப் போயிப் பாத்துட்டு வரவான்னு அன்னைக்கே அவருகிட்டக் கேட்டேன். வேணாம்னு சொல்லிருந்தா சண்டையாச்சும் போட்டிருப்பேன். அவரு வேணாம்னு சொல்லவே மாட்டாரு. "உங்கம்மாவ நான் பாக்க வேணாமா? ஞாயித்துக்கெழம நானே கூட்டிட்டுப் போறேன். அந்த ஜீப்புல இடிச்சுப் பிடிச்சு நீ ஏன் போகணும்?"னாரு. அந்த ஞாயிறு வண்டிக்கு சர்வீசு. அடுத்த ஞாயிறு யாரோ ஒருத்தரு வீட்டுக் காதுகுத்து. அதுக்கடுத்தது தலைவலி. ஒவ்வொரு சனிக்கெழமையும் நான் ஒரு பையில அம்மாவுக்குச் சேலையும் வலிக்குத் தடவுற தைலமும் எடுத்து வைப்பேன், திங்கக்கெழம பிரிச்சு எடுப்பேன்.

சொல்லாம போயிட்டு வந்துரலாம்னா, போனை என்ன செய்ய? கையில கொண்டுபோனா மெட்டு ஏறுனதும் கேரளா டவருக்கு மாறிரும், லைன் வீட்டுல அதுவும் போயிரும். அவரு கூப்பிட்டா "நிங்கள் விளிக்குன்ன ஆள் பரிதிக்குப் புறத்தாணு"ன்னு, நான் எல்லைக்கு வெளிய இருக்கேன்னு, ஒரு மலையாளத்துக்காரி எனக்கு முன்னால பேசிருவா. வீட்ல இருக்கிறவளுக்கு மலையாளம் எப்படி வந்துச்சுன்னு கேப்பாரு. போனை வச்சிட்டுப் போனா மணி அடிச்சு அடிச்சு ஓஞ்சுரும். அதுக்கு மலையாளமே தேவலாம்.

நாலாவது ஞாயிறும் இல்லேன்னு அவரு போன்ல சொன்ன அன்னைக்கு, போனை மடக்கி மேடையில எறிஞ்சிட்டு அடுப்படியிலேயே உக்காந்து அழுதேன். அப்போ எங்க அத்தை, அவரைப் பெத்தவுக, வாசப்படியில வந்து நின்னுச்சு.

அத்தையப் பத்திச் சொல்லணும். அது அதிகமாப் பேசாது. மகன் வந்தா தட்டு வைக்கும், சாப்பிட்டா தட்டு எடுக்கும். முன்ன ஏலக்காக் கடையில காயத் தரம் பாத்துப் பொறுக்கப் போயிட்டிருந்துச்சு, கண்ணு மங்கவும் நிப்பாட்டிக்கிருச்சு. அவரு எனக்குக் காவலா வச்சிட்டுப் போன ஆளுன்னுதான் நான் அதை நெனச்சிருந்தேன். அதனால நானும் மொகம் குடுத்துப் பேசுனதில்ல.

"நாளைக்கு அவன் மதுரைக்குப் போறான். நீ காலையில ஜீப்புல போயி ஆத்தாளப் பாத்துட்டு வா"ன்னுச்சு.

எனக்கு அழுகையே நின்னு போச்சு. "போனு?"

"இங்க வச்சிட்டுப் போ."

"மிக்சியப் போடுன்னா?"

"ஆமா, அது பெரிய வித்தை. போட மாட்டேனாக்கும்."

"என்னையக் கேட்டா என்ன சொல்வீக?"

"குளிக்கிறான்னு சொல்றேன்."

"மறுபடி கூப்பிட்டா? நாள் பூராவா குளிப்பேன்?"

"தலைக்குக் குளிக்கிறா, சிக்கெடுக்கிறான்னு சொல்றேன். போவியா, நொய்யி நொய்யின்னுக்கிட்டு."

அன்னைக்குச் சாயங்காலம் அத்தைக்கு நான் போன் பழக்கி விட்டேன். "திறந்தா அதுவே பேசும், மூடுனா அதுவே கட்டாகும், வேற எதையும் தொட்டுறாதீக"ன்னேன். கொதிக்கிற பானை மூடிய எடுக்கிற மாதிரி ரெண்டு கையாலயும் திறந்துச்சு. தலைகீழாப் பிடிச்சுக் காதுல வச்சுச்சு. நான் திருப்பிக் குடுத்தேன். மறுபடியும் தலைகீழ். எனக்குச் சிரிப்புப் பொத்துக்கிட்டு வந்துருச்சு, அதுவும் சிரிச்சுச்சு. அந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்ததுல இருந்து நாங்க சேர்ந்து சிரிச்சது அன்னைக்குத்தான்.

விடியக்கால அவரு வண்டி எடுத்ததும் நான் கெளம்பிட்டேன். ஜீப்புக்குள்ள பொம்பளைக மடிமேல மடி. மலையேறி ஒரு வளைவு வந்ததும் எல்லாரும் போனை எடுத்து அவுகவுக வீட்டுக்கு மிஸ்டு கால் குடுத்தாளுக. அதுக்கு மேல நம்ம டவர் இல்ல, நல்லபடியா ஏறிட்டோம்னு சேதி அது. நான் மட்டும் சும்மா உக்காந்திருந்தேன். "உன் போனு எங்கடி?"ன்னு சேதி சொன்ன அக்கா கேட்டா. வீட்ல இருக்குன்னேன். கையி மட்டும், எப்பவும் போனைச் சொருகி வைக்கிற என் இடுப்பைத் தடவிக்கிட்டே இருந்துச்சு.

அம்மா லைன் வீட்டு வாசல்ல ஒரு சாக்கு மேல காலை நீட்டி உக்காந்திருந்துச்சு. பாதி ஆளாப் போயிருந்துச்சு. என்னையப் பாத்ததும், "ஏண்டி வந்த? அவருகிட்டச் சொன்னியா?"ன்னு கேட்டுட்டுத்தான் அழுதுச்சு. நான் தலைய வாரி விட்டேன். சேலை மாத்தி விட்டேன். தைலம் தேய்ச்சேன். மாவுக்கட்டுக்குள்ள அரிக்குதுன்னுச்சு, வெளக்கமாத்துக் குச்சி விட்டுச் சொரிஞ்சு விட்டேன். அப்பாடான்னு கண்ண மூடிக்கிருச்சு. அந்த ஒரு மூச்சுக்காகத்தான் நான் இத்தன நாளா அலைமோதுனதுன்னு எனக்கு இருந்துச்சு.

ஆனா ஒரு நிமிசம் நிம்மதியா இருந்தேன்னு சொல்ல முடியாது. காத்துல தகரம் ஆடுனா மணி அடிக்கிற மாதிரியே கேக்குது. வெடுக்குனு எந்திரிக்கிறேன், மறுபடி உக்காருறேன். "என்னத்தடி தேடுற?"ன்னு அம்மா கேட்டுச்சு. ஒண்ணுமில்லம்மான்னேன். "அங்க நல்லா வச்சிருக்காரா?"ன்னுச்சு. நல்லா வச்சிருக்காரும்மான்னேன். ஜீப்புக்காரரு ஹாரன் அடிச்சாரு. "வெரசா போ, இருட்டிரும்"னு அம்மாவே என்னைத் தள்ளிவிட்டுச்சு.

எறங்கும்போது மூடுபனி, ஜீப்பு ஊர்ந்துக்கிட்டே வந்துச்சு. எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். சந்து முக்குல அவரு வண்டி நிக்கலன்னு பாத்த பிறகுதான் எனக்கு உசுரு வந்துச்சு. உள்ள ஓடுனா, அத்தை அடுப்படித் தரையில உக்காந்திருக்கு. போனு ரெண்டு உள்ளங்கைக்குள்ளயும் மூடி இருக்கு.

"கூப்பிட்டாரா அத்த?"

"கூப்பிட்டான்."

"குளிக்கிறேன்னு சொன்னீகளா?"

 அத்தை சொல்லுச்சு. "சொல்ல விட்டாத்தான? திறந்ததுமே அவன்பாட்டுக்கு ஆரம்பிச்சிட்டான். சாப்பிட்டியான்னான். ம்னேன். மிக்சியப் போடுன்னான். போட்டேன். லோடு எறக்க நேரமாகுதுன்னு கதை சொன்னான். கெழவி என்ன பண்ணுதுன்னு கேட்டான்."

"நீங்க என்ன சொன்னீக?"

"படுத்திருக்குன்னேன். அது கெடக்கும், அதுக்கென்ன, நீ கதவச் சாத்திக்கன்னான்." மூக்கைச் சேலையில தொடச்சுக்கிருச்சு. "எத்தனையோ தடவ கூப்பிட்டான். அத்தன தடவயும் நீதான்னு நெனச்சுத்தான் பேசுனான்."

 வண்டிச் சத்தத்துல உங்க கொரலு சரியாக் கேட்டிருக்காது அத்தன்னு சொன்னேன். நான் சொன்னதை நானே நம்பல.

அப்போ அத்தை கைக்குள்ள போனு மணி அடிச்சுச்சு. நான் கையை நீட்டுனேன். "இரு"ன்னு சொல்லிட்டு அத்தையே திறந்து காதுல வச்சுச்சு. இந்தத் தடவ நேராத்தான் பிடிச்சிருந்துச்சு. அந்தப் போனுல சத்தம் வெளிய நல்லாக் கேக்கும்.

"வந்துக்கிட்டிருக்கேன். தேனி தாண்டிட்டேன். சோத்தை வை"ன்னாரு அவரு.

அத்தை கொரலை அடக்கல. அதோட முழுக் கொரல்ல, பக்கத்து வீட்டுக்குக் கேக்குற மாதிரி, "பாத்து மெதுவா வாய்யா"ன்னுச்சு.

 அந்தப் பக்கம் அவரு சிரிச்சாரு. "என்னடி, இன்னைக்குப் பாசமெல்லாம் பொங்குது?"

அத்தை போனை மடக்குச்சு. என் கையில வச்சுச்சு. சுவத்தைப் பிடிச்சு எந்திரிச்சு, சோத்துப் பானைய எறக்கி வச்சு, அவரு தட்டைக் கழுவுச்சு. 

"அடுத்த வாரமும் போயிட்டு வாத்தா"ன்னு அது திரும்பாமலே சொல்லுச்சு. "அவனுக்குத் தெரியாது."