கடுகளவு காளானும் நான் வாயைத் திறக்காத பத்து நாளும்

கலிபோர்னியாவில், எங்கள் சான் ரமோனில் முதல் மழை பெய்த வாரம் அது, நவம்பர் தொடக்கம். இந்தப் பக்கம் இலையுதிர்காலம் வந்துவிட்டதை மரங்களைவிடக் காளான்கள்தான் சரியாகச் சொல்லும். குட்டிக் காளான்களைப் படமெடுக்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன் என்றால் அது பாதி உண்மை. மீதிப் பாதி, நான் செய்த ஒரு அசிங்கத்தை ஒப்புக்கொள்வதற்காக.

இடத்தைச் சொன்னது சுதா. ஈரோட்டுக்காரர், எங்கள் அபார்ட்மென்ட்டில் எதிர் வீடு. அவர் ஆபீஸ் ஓக்லண்டில். போகும் வழியில் மலைமேல் ரெட்வுட் மரக் காட்டுக்குள் இறங்கி, விழுந்து கிடக்கும் ஒரு மரத்தில் முளைத்த ஒரே காளானைத் தினமும் காலையில் ஒரு படம் எடுத்துக்கொண்டிருந்தார். முளையிலிருந்து குடை விரிவது வரை ஒன்பது படம், எங்கள் ஊர் நூலகச் சுவரில் மாட்டுவதற்காக. ஆறு முடிந்திருந்தது.

"உங்களுக்கு மட்டும் லொக்கேஷன் அனுப்புறேனுங்கண்ணா. தொட்டுடாதீங்க" என்றார்.

சனிக்கிழமை 9.10க்குக் கிளம்பினேன். 24 மைல், 38 நிமிடம். பார்க்கிங் 5 டாலர். அங்கிருந்து 0.7 மைல் நடை, கடைசி இருபது அடி வெறும் சேறு. காளான் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை, தலை கடுகளவு. மூச்சு விட்டாலே ஆடியது. மண்ணில் குப்புறப் படுத்து ஃபோகஸ் செய்தால், குறுக்கே ஒரு காய்ந்த ரெட்வுட் இலை. ஃப்ரேமைச் சுத்தம் பண்ணாமல் படமெடுக்கிற எங்களுக்குக் கை சும்மா இருக்காது. பையிலிருந்த குட்டி இடுக்கியால், ட்வீசரால், இலையை இழுத்தேன். காளானும் கூடவே வந்துவிட்டது.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. காம்பைப் பாசியில் சொருகி நிறுத்தி இருபத்து நான்கு படம் எடுத்தேன். பிறகு அதைப் பிடுங்கிப் புதருக்குள் வீசினேன். அப்போதுதான் ஒரு அங்குலம் தள்ளி இன்னும் இரண்டு முளைகள் கண்ணில் பட்டன, குண்டூசித் தலை அளவில். அவற்றைத் தொடவில்லை. பெரிய யோக்கியன்!

மறுநாள் ஞாயிறு. லீவு நாளிலும் படமெடுக்கப் போன சுதாவிடமிருந்து காலை 7.25க்குப் போன்.

"அண்ணா, காளானைக் காணோமுங்க. நீங்க போனப்ப இருந்துச்சுங்களா?"

"இருந்துச்சேமா. நத்தை ஏதாவது தின்னுருக்கும்."

அவ்வளவு சரளமாக வந்தது பொய். சுதா அழுகிற குரலில், "சரிங்கண்ணா, இனி அந்தப் பக்கமே போகல" என்றார். நூலகத்துக்குக் கொடுக்க இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. பக்கத்து முளைகளைப் பற்றிச் சொல்லியிருந்தால் அன்றே மறுபடி ஆரம்பித்திருப்பார். ஆனால் குனிந்து பார்த்தால் பாசியில் நான் குத்திய ஓட்டை தெரிந்துவிடுமே! போனை வைத்துவிட்டேன். அதன்பின் லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம், "உங்க படமாச்சும் நல்லா வந்துச்சுங்களா?" என்று கேட்பார். நான் மாடி எண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

பதினோராம் நாள் பார்க்கிங்கில் நிறுத்திச் சொன்னேன். "சுதா, நத்தை இல்ல. நான்தான் ஒடச்சேன்."

"கை தவறுறதுதானுங்க. விடுங்க" என்றார்.

இரண்டு முளைகளைப் பற்றியும் சொன்னேன்.

"அது அன்னைக்கே தெரியுமுங்களா?"

"தெரியும்."

"லைப்ரரிக்கு முடியாதுன்னு நேத்துதான் மெயில் போட்டேன்" என்று சொல்லிவிட்டு காரில் ஏறினார். அண்ணா என்று கூப்பிடவில்லை.

போகிறவர்களுக்கு: மழை விட்ட மூன்றாம் நாள் நல்லது. பத்து மணிக்குப் பிறகு மரங்களுக்கிடையே வெளிச்சம் இறங்கும். படுத்துக்கொள்ள தார்ப்பாய் அவசியம். ட்வீசரை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். எதையாவது உடைத்துவிட்டால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளும் நாம் இன்னொரு தடவை உடைப்பதுதான்.

நான் எடுத்த படம் நன்றாகவே வந்திருக்கிறது. இங்கே போடவில்லை. அந்த மரம் எங்கே என்று கமெண்டில் கேட்காதீர்கள். சுதா என்னை நம்பிச் சொன்ன இடம் அது.